வியாழக்கிழமைச் சூரியன்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகள் பியூலாதான், தம்பி. போன வருஷம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை அன்றைக்கு, விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுவார்களே, அன்றைக்கு. கோவில் வளாகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பூசணிக்காய்க்கு நானும் இன்னொரு அம்மாளும் விடாமல் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் காதுக்குள் குனிந்து, “யம்மா, அண்ணன் தோகா வேலையை விட்டுட்டு ஊரோட வந்துருவானாம். நம்ம புது வீட்டு மாடியில வச்சிருக்க சோலாரு ஒரு வருஷம் ஒழுங்கா ஓடிக் காட்டிட்டாப் போதுமாம்” என்றாள்.

நான் அந்த இடத்திலேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது பூசணிக்காய் அந்த அம்மாளுக்குப் போயிருந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்தது பெரிதல்லவா?

உட்காருங்க தம்பி. மாடிக் கதவுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, தருகிறேன். மாடி எங்கேயும் ஓடிப்போகாது. இந்த வெயிலில் அவ்வளவு தூரம் வண்டியில் வந்திருக்கிறீங்க, முதலில் காப்பியைக் குடிங்க. பேர் என்ன சொன்னீங்க? வானமாமலையா? நல்ல பேர். நாங்குநேரிப் பக்கமா? அங்கேதான் இந்தப் பேர் அதிகம், அதானே பார்த்தேன்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மகன் ஆசீர் உங்கள் சோலார் கம்பெனியைப் போனில் ஏசின ஏச்சு எனக்கே பொறுக்கவில்லை. “எய்யா, அவங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைங்கதானே” என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. அதற்காக மன்னிச்சுக்கோங்க. ஆனால் என்னுடைய வயிற்றெரிச்சலை நான் யாரிடம் சொல்வேன்? வருகிறவர்கள் எல்லாரும் அவசர அவசரமாக மாடிக்குப் போகிறார்கள், இறங்குகிறார்கள், “எல்லாம் சரியா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் என் பிள்ளை ஏன் இன்னும் தோகாவில் இருக்கிறான்?

அவன் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது தம்பி. கல்யாணம் பண்ணி, அங்கேயே ஒரு பிள்ளையும் பிறந்து, அந்தப் பிள்ளை என்னைப் போனில் பார்த்தால் ‘ஆன்ட்டி’ என்கிறது. அவன் அப்பா இறந்தபோது மண்ணடக்கத்துக்கு வந்து சேர்ந்தவன்தான், மறுவாரமே லீவு முடிந்துபோய்விட்டது. எனக்கும் அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது, கண்ணை மூடும்போது அவன் கை என் கைக்குள் இருக்க வேண்டும், வேறே ஒன்றும் வேண்டாம் ஆண்டவரே என்றுதான் நான் தினமும் கேட்பது.

அங்கே கட்டடம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். ஆனால் அவன் மனசெல்லாம் வேறே மாதிரிக் கட்டடத்தில்தான். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட அன்றைக்கு என்னை உட்கார வைத்துச் சொன்னான். “யம்மா, ஒரு வீடு கட்டினா அம்பது வருஷம் நிக்கும். அந்த அம்பது வருஷமும் அது புகை விடுற வீடா, விடாத வீடான்னு இன்னைக்கே தீர்மானிக்கணும். பொறவு தீர்மானிக்க முடியாது.”

“வீட்டுக்கு ஏதுடா புகை? நான் விறகு அடுப்பை விட்டு எத்தனை காலமாச்சு” என்றேன்.

“நீ இங்க சுவிட்சைப் போடுத. அதுக்கு எங்கயோ நிலக்கரி எரியுது. புகை அங்க போகுது. ஒன் கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். அந்தப் புகையாலதான் மழையும் வெயிலும் முறை தப்பிப் போச்சு.”

எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. எட்டாங் கிளாஸோடு நின்றவள்தான் நான், ஆனால் ஒரு தப்பைத் தப்பு என்று சொன்னால் எனக்குப் புரியும். அதற்குப் பிறகு ஃபேன் சுவிட்சைத் தொடும்போதெல்லாம் எங்கேயோ யாரோ இருமுகிற மாதிரி இருக்கும். இராத்திரி ஜெபத்தில் அதையும் சேர்த்துச் சொல்லுவேன். ஆகையினால் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

அக்கறை வேறே, இந்த வீட்டில் குடியிருந்து பார்ப்பது வேறே. அடுப்பைப் பாருங்க. கேஸ் வேண்டாம், கரண்ட் அடுப்புதான் என்றான். சரி என்றேன். அதில் என் அலுமினியப் பானை ஒன்றுகூடச் சூடாகாதாம்! என் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் முழுக்கப் பரணில் கிடக்கின்றன. ஏசி கிடையாது. மேற்குச் சுவரைத் தடிமனாக வைத்து, ஜன்னலை எதிரெதிராக வைத்து, “காத்து தானா வரும்மா” என்றான். வருகிறது, பொய் சொல்லக் கூடாது. கூடவே கொசுவும் தானாக வருகிறது.

கரண்ட் போகிற கதையைக் கேளுங்க. உங்களுக்குத் தெரியாததா? ஊரில் கரண்ட் போனால் நம்ம மாடிக் கரண்டும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது, அதற்காகத்தான் என்று ஆசீர் சொன்னான். நியாயந்தான். ஆனால் அடுத்த வீட்டு மரகதத்துக்கு அந்த நியாயம் எங்கே தெரியும்? “யக்கா, சூரியன் ஒங்க தலைக்கு மேலயே நிக்கி, நீங்க இங்க பனையோலை விசிறியை வச்சு வீசிக்கிட்டு இருக்கீக” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கிறாள். அவள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது. சிரிக்கத்தானே செய்வாள்?

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். மகன் வருவதற்காகத்தானே?

அவன் வருவதற்கும் இந்த மாடிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சபையில் புதிதாக ஒரு மண்டபம் கட்டப் போகிறார்கள். போன வருஷம் இந்த வீட்டில் குடியேறுகிற பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்தபோது ஆசீர் கமிட்டியில் போய்ப் பேசினான். மாடி முழுக்கச் சோலார் வைப்போம், வெளிச்சமும் காற்றும் தானாக வருகிற மாதிரிக் கட்டுவோம், கோவில் கட்டடமே புகை விடாமல் இருந்தால் ஊருக்கு அதைவிடப் பிரசங்கம் வேண்டுமா என்று கேட்டானாம். எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. கமிட்டியில் மூத்தவர் தாசையா அண்ணாச்சிக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர்தான்.

“சரிடே, பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாராம். “ஒங்க அம்மை வீட்டுல இதைத்தான கட்டி வச்சிருக்க? ஒரு வருஷம் ஓடட்டும். வீடு எடுத்துக்கிடுத கரண்டை மாடி திருப்பிக் கொடுத்துட்டுன்னா மண்டபம் ஒன் கையில. இல்லைன்னா நான் ஜெனரேட்டரை இறக்கிருவேன்.”

இவனும் சரி என்றுவிட்டான். அந்த ஒரு வேலை கையில் வந்தால் இங்கேயே ஆபீஸ் போட்டுவிடலாம், அதைப் பார்த்து அடுத்தடுத்து ஆட்கள் வருவார்கள் என்பது அவன் கணக்கு. ஆக, என் பிள்ளையின் வரவு இப்போது மாடியில் இருக்கிற அந்தச் சோலார்க் கண்ணாடி மேலே இருக்கிறது. புரிகிறதா தம்பி?

அதற்காக நான் என்னவெல்லாம் விட்டுக்கொடுத்தேன் தெரியுமா? பின்பக்கம் ஒரு முருங்கை நின்றது. வீடு கட்டும்போதே தப்பித்த மரம். காய்க்கிற காய்ப்புக்குத் தெருவே சாம்பார் வைத்தது. “யம்மா, கண்ணாடி மேல நெழல் விழக் கூடாது. ஒரு ஓரத்துல விழுந்தாக்கூட மொத்தமும் படுத்துரும்” என்றான். நானே ஆள் கூப்பிட்டு வெட்டச் சொன்னேன். வெட்டும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்புறம் கொடிக்கம்பி. மாடியில் துணி காயப்போட இரண்டு கம்பம் நட்டுக் கம்பி கட்டித் தாடா என்று கேட்டேன். “கம்பமே கூடாதும்மா. கம்பத்து நெழலு விழும்.” அப்படியென்றால் துணியை எங்கே காயப்போட? “கீழ அடுப்படிக்குப் பின்னால ஸ்டாண்டு வச்சிருக்கம்லா” என்றான். அந்த ஸ்டாண்டை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு துண்டும் ஒரு பாவாடையும் போட்டால் நிறைந்துவிடும். இவ்வளவு படித்தவன், சூரியன் எந்த மாசம் எந்தப் பக்கம் சாயும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து ஜன்னல் வைத்தவன், ஒரு வீட்டில் துணி துவைப்பார்கள், அது காய வேண்டும் என்று யோசிக்கவில்லை பாருங்க. ஆனாலும் அவன் சொன்ன சொல்லை நான் மீறவில்லை. இன்று வரைக்கும் அந்த மாடியில் ஒரு குச்சி நட்டதில்லை நான். சந்தேகமிருந்தால் மேலே போய்ப் பாருங்க.

இதெல்லாம் போதாது, ஜெபமும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஐயரம்மாவிடம் சொன்னேன். குருவானவர் வீட்டம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது. அவர்கள் சந்தோஷமாக, “புதன்கிழமைதோறும் ஒங்க வீட்டுலயே பெண்கள் ஜெபக்கூட்டம் வச்சிருவோம், ஞானப்பூ. ஆசீர் வந்து சேருத வரைக்கும் விடக் கூடாது” என்றார்கள்.

நல்ல ஜெபம் தம்பி. புதன் சாயங்காலம் இந்த ஹால் நிறைந்துவிடும். இந்தத் தரை வழுவழு டைல்ஸ், முழங்கால் போட முடியாது, உயிர் போகும். அதனால் பெரிய ஜமுக்காளம் இரண்டு விரிப்பேன். பவானியிலிருந்து என் மாமியார் வரவழைத்தது, கனமென்றால் அப்படிக் கனம். சின்னப் பிள்ளைகளும் வரும். ஒன்று காப்பியைக் கொட்டும், ஒன்று முறுக்கை மிதிக்கும், ஒன்று அங்கேயே ஒன்றுக்குப் போய்விடும். அழுக்குத் துணியில் முழங்கால் போட்டு ஆண்டவரைக் கூப்பிட எனக்கு மனசு வராது. அதனால் வியாழன் விடிந்ததும் முதல் வேலை ஜமுக்காளம் துவைக்கிறது. வேலைக்காரி என்னோடு பிடித்துப் பிழிந்து மாடி வரைக்கும் தூக்கித் தந்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த ஜெபத்துக்குப் பலன் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதுதான் ஆச்சரியம். முதல் புதன்கிழமை ஜெபித்தோம், மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் ஆசீர் போன்! அதற்கு முன்னால் அவன் மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டால் அதிசயம். அடுத்த புதன் ஜெபம், அடுத்த வியாழன் போன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பெண்களெல்லாம் “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று கண்ணீர் விட்டார்கள். ஐயரம்மா இதை ஆண்டவர் ஜெபம் கேட்டதற்குச் சாட்சியாகவே ஒரு கூட்டத்தில் சொன்னார்கள்.

ஆனால் போனை எடுத்தால் என்ன பேசுகிறான்? “யம்மா, சாப்பிட்டியா” கிடையாது. “முழங்கால் வலி எப்படி இருக்கு” கிடையாது. “யம்மா, இன்னைக்குக் கரண்டு கொறைஞ்சிருக்கு. அங்க மேகமா?”

“இல்லைய்யா, சுள்ளுன்னு வெயிலு.”

“மழை?”

“மழையைக் கண்டு எவ்வளவு நாளாச்சு.”

“கண்ணாடியில தூசி படிஞ்சிருக்கா?”

“தூசியா? நானே வாரம் தவறாம ஈரத்துணி வச்சுத் துடைக்கேன்.”

“நீ எதுக்கு மாடிக்குப் போற?”

“துணி காயப்போடத்தான்.”

“சரி, சரி. பக்கத்துல யாரும் மாடி எழுப்புதாங்களா?”

இப்படித்தான். நான் ஒரு பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி. போனில் ஏதோ கோடு கோடாக வருமாமே, தோகாவில் உட்கார்ந்துகொண்டு என் மாடியில் எவ்வளவு கரண்ட் வருகிறதென்று பார்ப்பானாம். அவனுக்கு என் மாடி தெரிகிறது. நான் தெரியவில்லை. ஒரு நாள் மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டேன்: “ஏய்யா, கரண்டு கொறைஞ்சாத்தான் கூப்பிடுவியா? நல்லா வந்தா கூப்பிட மாட்டியா?” சிரித்துவிட்டு, “நல்லா வந்தா எதுக்கும்மா கூப்பிடணும்?” என்றான்.

அவன் இந்தக் கரண்ட் கணக்கை மாசாமாசம் கமிட்டிக்கும் அனுப்புகிறான், நேர்மையான பிள்ளை, குறைந்ததை மறைக்க மாட்டான். அதனால் எனக்குத்தான் அவமானம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தாசையா அண்ணாச்சி எல்லாரும் கேட்கிற மாதிரி, “என்ன ஞானப்பூ, ஒங்க வீட்டுல மட்டும் சூரியனுக்கு வியாழக்கிழமை லீவாமே?” என்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். “ஆண்டவர் பார்த்துக்கிடுவாரு அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

உங்கள் கம்பெனி ஆட்களும் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தவர்கள் எல்லாம் சரி என்றார்கள். மறுபடியும் ஒரு திங்கட்கிழமை வந்து அந்தச் சுவரில் மாட்டியிருக்கிற பெட்டியை மாற்றிவிட்டுப் போனார்கள். இன்னொரு தடவை வந்தவர் புறா எச்சமிடுகிறது என்றார். புறா என்ன, வியாழக்கிழமை மட்டுமா வரும்? என்னைக் கேட்டால், இது மனுஷர் சமாச்சாரமே இல்லை.

சிரிக்காதீங்க தம்பி. சொல்கிறேன், கேளுங்க. பங்குனியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. பியூலா வந்து நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது, ஜெபக்கூட்டம் நின்றுபோயிற்று. அந்த நாட்களில் கரண்ட் எப்படி வந்ததென்று நினைக்கிறீங்க? கொட்டு கொட்டென்று கொட்டியிருக்கிறது! பியூலாவிடம் ஆசீர் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டானாம். எனக்கு ஒரு போன் வரவில்லை. காய்ச்சலில் கிடக்கிறேன், ஒரு போன் இல்லை.

திரும்பி வந்தேன். ஜெபத்தைத் தொடங்கினோம். வியாழக்கிழமை மறுபடியும் படுத்துவிட்டது. அப்போதுதான் ஐயரம்மா சொன்னார்கள்: “ஞானப்பூ, இது சாத்தானோட போராட்டம். ஜெபம் இல்லாத வீட்டுல அவனுக்கு என்ன வேலை? சும்மா இருப்பான். ஜெபிக்கிற வீட்டைத்தான் அசைச்சுப் பார்ப்பான்.” எனக்கு அது சரியாகப் பட்டது. இல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்க, ஜெபிக்காத வாரம் நன்றாக ஓடுகிறது, ஜெபித்த மறுநாள் நின்றுபோகிறது, இதற்கு வேறே என்ன அர்த்தம்?

அதனால் பின்வாங்கக் கூடாது என்று முடிவு பண்ணினோம். புதன் போதாது, வெள்ளி உபவாச ஜெபம் ஒன்று சேர்த்தோம். கூட்டமும் அதிகம். ஜமுக்காளம் போதாமல் பெட்ஷீட்டும் விரித்தேன். இப்போது வியாழனும் போய், சனிக்கிழமையும் போய்விட்டது! ஜெபத்தைக் கூட்டக் கூட்டக் கரண்ட் குறைகிறது தம்பி. நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? “ஆண்டவரே, நான் உம்மிடத்தில் சொத்தா கேட்டேன், சுகமா கேட்டேன்? பிள்ளையைத்தானே கேட்டேன். முருங்கையை வெட்டினேன், கம்பம் வேண்டாமென்றேன், பானையெல்லாம் பரணில் போட்டேன், இன்னும் என்ன குறை வைத்தேன்” என்று அழுதேவிட்டேன். அப்படியெல்லாம் நான் அவரிடம் பேசுகிறவள் இல்லை.

இப்போது கழுத்துக்கு வந்துவிட்டது. இந்த மாசத்தோடு வருஷம் முடிகிறது. நேற்று ராத்திரி ஆசீர் கூப்பிட்டான். கரண்ட் குறையாமலே கூப்பிட்டான்.

“யம்மா, இங்க மறுபடியும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. இந்த வாரம் பதில் சொல்லணும்.”

“நீ என்ன சொல்லப் போற?”

“இன்னும் கொஞ்சந்தாம்மா எட்டணும். இந்த மாசம் முழுசும் நல்லா வந்தாக்கூட எட்டிரும். ஆனா இப்படி வாரத்துல ரெண்டு நாளு போச்சுன்னா எட்டாது. நான் என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு அண்ணாச்சி முன்னால போய் நிப்பேன்? என் வீட்டுல ஓடாததை ஊருக்குக் கட்டித் தாரேன்னு சொல்ல முடியுமா?”

போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன். அவனே சொன்னான்: “நாளைக்குக் கம்பெனியில இருந்து ஒருத்தரை வரச் சொல்லிருக்கேன். வியாழக்கிழமையே வரணும்னு சண்டை போட்டுச் சொல்லிருக்கேன். அவரு பாத்துட்டு என்ன சொல்லுதாரோ, அதை வச்சு முடிவு பண்ணுதேன்.” போனை வைக்கப் போனவன் நிறுத்தி, “வரணும்னுதாம்மா எனக்கும் ஆசை” என்றான். அவன் வாயிலிருந்து அதை நான் கேட்டது நேற்றுத்தான் முதல் தடவை, தம்பி. பியூலா சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். அவனாக ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஒருத்தர் நீங்கதான். அதனால்தான் உங்களை உடனே மாடிக்கு விடாமல் பிடித்து உட்கார வைத்தேன். நீங்கள் மற்றவர்கள் மாதிரி ஏறி இறங்கிவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடக் கூடாது. இது என்னவென்று தெரிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் பாருங்க. வயரை எலி கடித்திருக்கிறதா பாருங்க. நான் கீழே முழங்காலில் இருப்பேன்.

என்ன கேட்டீங்க? ஜமுக்காளத்தையா? எங்கே காயப்போடுவேன் என்றா கேட்டீங்க?

மேலேதான். வேறே எங்கே போட? அவ்வளவு பெரிய ஜமுக்காளம் அந்த ஸ்டாண்டில் நிற்குமா? கம்பம் கூடாதென்றுவிட்டான். தரையில் விரித்தால் காக்கா எச்சம், சிமெண்டுத் தூசி. பார்த்தேன், அந்தக் கண்ணாடி இடுப்பு உயரத்தில் நல்லாச் சாய்ந்து, சுத்தமாக, தோசைக்கல் மாதிரிச் சுட்டுக்கொண்டு கிடக்கிறது. இதற்கு மேல் துணிக்கு என்ன வேண்டும்? நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் விரிப்பேன். சாயங்காலத்துக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே வசதி அதுதான், அதையாவது சொல்லணும்.

நிழலா? சேச்சே. நிழலே விழாது தம்பி, அதில் நான் வெகு கவனம். நின்றுகொண்டிருக்கிற சாமானுக்குத்தானே நிழல் விழும்? ஜமுக்காளம் படுத்துல்லா கிடக்கு.

என்ன, காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிட்டீங்க? முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகுது. இந்தாங்க சாவி, இழுக்காதீங்க, தாரேன். செருப்பைப் போட்டுக்கிட்டே ஏறுங்க, படி சுடும்.

தம்பி, தம்பி, ஒரு நிமிஷம். எப்படியும் மேலே போறீங்க, ஒரு சின்ன உதவி. அந்த ஜமுக்காளம் இரண்டையும் அப்படியே புரட்டிப் போட்டுட்டு வாங்க. அடிப்பக்கம் இன்னும் ஈரமாத்தான் இருக்கும், எனக்கு முழங்கால் வலியில் இன்னொரு தடவை ஏற முடியவில்லை. காற்றுக்குப் பறக்காமல் ஓரத்துக்கு ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். கண்ணாடி கீறிவிடக் கூடாதென்று பழைய துணியில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். அதை மட்டும் மறக்காமல் திரும்ப வச்சிருங்க.